நாள் முழுக்க நிற்பவருக்கு நடைப்பயிற்சி எதற்கு?

இரவு ஒன்பதரை மணிக்கு மேல் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, செருப்புக் கடை, செல்போன் கடை என்று பகலெல்லாம் நின்று வேலை பார்த்த பிள்ளைகள் பேருந்து நிலையத்தை நோக்கி வேகமாகப் போவார்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் போகும் பேருந்தை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவர்களின் நடையைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். இருபத்தைந்து வயதுப் பெண், காலை அகட்டி, குதிகாலை ஊன்றாமல் நடப்பார். பேருந்தில் இடம் கிடைத்தவுடன் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொள்வார்.

இவர்களிடம் போய் "தினமும் அரை மணி நேரம் நடங்கள், உடம்புக்கு நல்லது" என்று சொன்னால் என்ன பதில் வரும்? "காலையிலிருந்து நின்னுக்கிட்டேதானே இருக்கோம், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். இதே பதிலை வேறு வடிவத்தில் நம் வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். வளைகுடாவில் இருபது வருடம் சூப்பர் மார்க்கெட்டில் நின்றுவிட்டு, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் வாப்பாமார்கள் சொல்வதும் இதுதான். "உட்கார்ந்தா சாப்பிட்டேன்? எனக்கு எப்படி வந்தது?"

நிற்பது வேறு, அசைவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் உடல் உழைப்பு பற்றிய அறிவுரைகள் எல்லாம் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். அதை ஏற்றி விடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி விரிந்து, ரத்தத்தைப் பம்பு போல மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும், வீக்கம் வரும், வருடக் கணக்கில் போனால் நரம்பு சுருட்டிக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,320 தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரும்பாலும் நின்றே வேலை செய்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்பவர்களைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு என்று கண்டது. உட்கார்ந்திருப்பது நல்லது என்று இதற்குப் பொருள் அல்ல. அசையாமல் நிற்பதும் அசையாமல் உட்காருவதும் இரண்டுமே கெடுதல்.

அதற்கும் முந்தைய சாட்சி லண்டன் பேருந்துகள். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் அந்த நகரத்தின் மாடிப் பேருந்துகளில் வேலை செய்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு, 1953-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில் இருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுப்பதற்காக ஒரு நாளில் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் கணிசமாகக் குறைவாகவே வந்தது. வந்தவர்களிடமும் அது உயிரைப் பறிப்பது குறைவாக இருந்தது. மோரிஸ் அத்தோடு விடவில்லை. பிறகு பேருந்து ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு வேலைக்குச் சேர்ந்த இளவயதிலேயே பெரிதாக இருந்தது. ஆகவே எல்லாப் பழியையும் இருக்கையின் மீது போட்டுவிட முடியாது என்று அவரே எழுதினார். தன் முடிவையே இப்படி உரசிப் பார்த்த ஆய்வு என்பதால்தான் எழுபது ஆண்டுகளாகியும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது ஒன்று. அந்த நடத்துநர் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று நினைத்துப் படி ஏறவில்லை. அவருடைய வேலை அப்படி அமைந்திருந்தது. உடம்பு அசைவதா வேண்டாமா என்பதை அவருடைய மன உறுதி தீர்மானிக்கவில்லை, வேலையை வகுத்தவர் தீர்மானித்தார். லாரன்ஸ் ரோட்டுக் கடையிலும் அப்படித்தான். எப்போது நிற்பது, எப்போது உட்காருவது, எப்போது வெளியே போய் வருவது என்பதெல்லாம் கல்லாவில் இருப்பவர் கையில் இருக்கிறது.

திட்டக்குடியிலிருந்து போனவர் கொண்டு வந்த சட்டம்

2021 செப்டம்பர் 6 அன்று தமிழக சட்டமன்றத்தில் ஒரு சின்ன மசோதா தாக்கலானது. தாக்கல் செய்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன். நம் கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்ப்பதுதான் மசோதா. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பது அதன் சாரம். அதே மாதத்தில் மசோதா நிறைவேறியது. மக்கள் இதை 'உட்காரும் உரிமைச் சட்டம்' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

உட்காருவதற்குச் சட்டமா என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

கேரளம் இதில் நமக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களைத் திரட்டி, தையல் தொழிலாளியான விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களின் முதல் கோரிக்கை கழிப்பறை. உட்கார இடம் கேட்டது அதற்குப் பிறகு. கழிப்பறை இல்லாத கடையில் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காலையில் வீட்டில் குடித்த ஒரு டம்ளரோடு மாலை வரை ஓட்டுவார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லும் அப்படி வருபவைதாம். திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பெண் ஊழியர்கள் 2014 டிசம்பர் கடைசியில் தொடங்கி நூறு நாள்களுக்கு மேல் போராடினார்கள். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அந்த வழியில் இரண்டாவது மாநிலம்.

சட்டம் வந்து என்ன ஆனது? சில கடைகளில் முக்காலி வந்தது. அதில் புடைவைக் கட்டுகளை அடுக்கி வைத்திருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 'உட்காரலாம், ஆனால் கேமராவில் தெரியக் கூடாது' என்பது எழுதப்படாத விதி. வாடிக்கையாளர் உள்ளே வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று முதலாளி நினைக்கிறார். உண்மையில் அப்படி நினைக்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர்? பெருநாளுக்குத் துணி எடுக்கப் போகும் நாம்தான் அந்த வாடிக்கையாளர். ஐம்பது புடைவையைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து வருவதும் நாம்தான்.

ஐந்து நிமிடம் யாருக்குக் கிடைக்கிறது?

ஊழியர்களை அசைய வைக்க அரசுகளும் சில முயற்சிகள் செய்திருக்கின்றன. ஒன்றிய அரசின் ஆயுஷ் அமைச்சகம் 2021 செப்டம்பரில் 'ஒய் பிரேக்' என்ற செயலியை வெளியிட்டது. வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் எழுந்து செய்யும் எளிய பயிற்சிகள் அதில் உள்ளன. ஒன்றிய அரசு அலுவலகங்கள் இதை ஊக்குவிக்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் போனது. யோகா என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் சிலருக்குத் தயக்கம் வரலாம். அதை விரும்பாதவர் எழுந்து நின்று தோளையும் கழுத்தையும் அசைக்கட்டும், வராந்தாவில் ஒரு நடை போய் வரட்டும். அலுவலகமே ஐந்து நிமிடத்தை வேலை நேரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்பதே இதில் முக்கியம்.

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம். 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. தொழிற்சாலைக்கே போய்ச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கும் திட்டம். இரண்டும் நல்லவையே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்பது ஜவுளிக் கடைக்கு வியாபாரம் சூடு பிடிக்கும் நாள். நான்கு பேர் வேலை செய்யும் கடை தொழிற்சாலைக் கணக்கில் வராது. ஆக, நம் கடைவீதிப் பிள்ளைகள் இரண்டிலிருந்தும் நழுவிவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை, லால்பேட்டைக் குடும்பங்களுக்குப் பழக்கமான வளைகுடாவில் இன்னொரு வழியைப் பார்க்கலாம். கத்தாரில் 2012 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாத இரண்டாவது செவ்வாய்க்கிழமை தேசிய விளையாட்டு தினம். அன்று பொது விடுமுறை. அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஊழியர்களுக்கு நடை, ஓட்டம், பந்து விளையாட்டு என்று ஏற்பாடு செய்கின்றன. ஒரு நாள் ஓடியதால் உடம்பு தேறிவிடாது என்பது உண்மை. ஆனாலும் ஊழியரின் உடம்புக்காக ஒரு வேலை நாளையே விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு நாடு சட்டமாக எழுதி வைத்திருப்பது சாதாரண விஷயம் அல்ல.

இந்த முயற்சிகளுக்கு என்ன அவசரம்? 2024-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த கணக்குப்படி இந்தியாவில் வயது வந்தோரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் போதிய உடல் அசைவு இல்லை. 2000-ஆம் ஆண்டில் இது 22 சதவீதமாக இருந்தது. பெண்களில் இப்போது 57 சதவீதம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது.

நேரம் எங்கே இருக்கிறது?

வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். சாப்பிட்டவுடன் சில நிமிடம் மெல்ல நடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. கடை ஊழியருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. அரை மணி நேரம் அவரிடம் கிடையாது, இரண்டிரண்டு நிமிடமாகக் கிடைக்கும்.

சட்டப்படி பார்த்தால் அதற்கும் அதிகமாகவே அவருக்கு நேரம் உண்டு. அதே 1947 சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம்! நம் கடைகளில் சாப்பாட்டு நேரம் எப்படிப் போகிறது என்று நமக்குத் தெரியும். குடோனில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு இருபது நிமிடத்தில் கவுண்டருக்கு வந்துவிட வேண்டும். பாதிச் சாப்பாட்டில் "ஒரு கஸ்டமரைப் பார்த்துட்டுப் போ" என்று குரல் வரும்.

2023 ஏப்ரல் 21 அன்று இதே தமிழக சட்டமன்றம் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியதும், எதிர்ப்பு கிளம்பியதால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கலாம். உட்காரும் உரிமை கொடுத்த அதே துறையிலிருந்துதான் அந்தத் திருத்தமும் வந்தது. பன்னிரண்டு மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் பயணம் என்று போகும் ஒருவரிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவது கேலியாகிவிடும். வேலை நேரத்தின் அளவும் உடல் நலக் கொள்கைதான் என்பதை அன்று எதிர்த்தவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

இனி முதலாளி பக்கம் வருவோம். நம் சமுதாயத்தில் கடை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலானவை ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறு கடைகள். வாடகை, ஜி.எஸ்.டி., ஆன்லைன் போட்டி என்று அவர்களுக்கும் மூச்சு முட்டுகிறது. ஜிம்மோ விளையாட்டு மைதானமோ கட்டச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்கப் போவதில்லை. செலவில்லாமல் மாற்றக்கூடியவை இருக்கின்றன.

ஒரே ஊழியரைக் காலை முதல் இரவு வரை ஒரே கவுண்டரில் நிறுத்தாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றலாம். ஒருவர் பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் அடுத்த முறை அவர் குடோனிலிருந்து சரக்கு எடுத்து வரட்டும். இப்போது பல கடைகளில் ஒரே பையன் மூட்டை தூக்கி முதுகை ஒடித்துக்கொள்கிறான், இன்னொருவர் பில் மெஷினை விட்டு எழுவதே இல்லை. மூட்டை தூக்குவதும் உடற்பயிற்சி ஆகாது என்பதைச் சொல்ல வேண்டும். ஓய்வில்லாமல் பாரம் சுமக்கும் வேலை இதயத்துக்கு நடைப்பயிற்சி தரும் நன்மையைத் தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். பங்கு போட்டுக்கொண்டால் இருவர் உடம்புக்கும் நல்லது. வங்கிக்குப் போவது, பக்கத்துக் கடையில் சில்லறை மாற்றுவது, டீ வாங்கி வருவது போன்ற வேலைகளை முறை வைத்து நடந்து போய் வரச் சொல்லலாம். சாப்பாட்டு இடைவேளையில் கடையை விட்டு வெளியே போக அனுமதிக்கலாம். வெளியே போனால் திரும்பி வர மாட்டார்கள் என்ற பயம் வீண்.

இன்னொன்று, நம் கடைகளுக்கே உரியது. தொழுகை நேரம் வந்ததும் முதலாளியும் முஸ்லிம் ஊழியர்களும் பள்ளிவாசலுக்குப் போய் வருகிறார்கள். பெரும்பாலான நம் கடைகளில் இதற்குத் தடை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடமும் கடையைப் பார்த்துக்கொள்ளும் சகோதர சமயப் பிள்ளைகளுக்கு? நாம் திரும்பி வந்ததும், "நீங்க போய் ஒரு பத்து நிமிஷம் நடந்துட்டு, உட்கார்ந்துட்டு வாங்க" என்று அதே அளவு நேரத்தைக் கொடுத்தால் அதுவே அந்தக் கடையின் கொள்கை. எழுதி ஒட்ட வேண்டிய அவசியம் கூட இல்லை. தொழுகை இறைவனுக்கானது, அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டாம். ஆனால் முந்நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளிக்கு பைக்கை ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை முதலாளி விட்டுவிட்டால், அவருக்கும் வாரக் கணக்கில் கணிசமாகச் சேரும்.

ஏனென்றால் இந்தக் கடைவீதியில் மோரிஸ் ஆய்வின் ஓட்டுநர் யார் என்றால், அது முதலாளிதான். காலை ஒன்பதரைக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு ஷட்டர் போடும்போதுதான் எழுகிறார். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து வருகிறது. மாலையில் வடையும் டீயும் கையிலேயே வந்து சேர்கிறது. ஊழியர் நின்று கெடுகிறார், முதலாளி உட்கார்ந்து கெடுகிறார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கல்லாவை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அவர் எழுந்து ரேக்குகளைச் சுற்றி வந்தால், அந்த இன்னொருவருக்கும் உட்கார இடம் கிடைக்கும். நம்பிக்கைதான் இங்கே சிக்கல் என்பதும் தெரிந்ததே. கல்லாவை யாரிடம் விடுவது?

பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளத்தையும் பாதுகாப்பையும் விசாரிக்கிறார்கள். கூடவே, உட்கார இடம் உண்டா, கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, மதியம் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்கலாம். ஐ.டி. நிறுவனத்திலோ வங்கியிலோ உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து சொல்ல வேண்டியது எளிது: போன் வந்தால் எழுந்து நின்று, நடந்துகொண்டே பேசு.

இருக்கை இல்லை, அல்லது இருந்தும் உட்கார விடவில்லை என்றால் முறையிட வழி உண்டு. கடைகள் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. அதன் கீழ் உதவி ஆய்வாளர்கள் கடைகளுக்கு நேரில் சென்று பார்க்கிறார்கள். எழுத்து மூலம் கொடுக்கும் மனுவில் கடையின் பெயர், முகவரி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இருக்கை எத்தனை, ஓய்வு நேரம் எவ்வளவு என்ற விவரங்கள் இருந்தால் போதும். வேலை செய்யும் பிள்ளை தன் பெயரில் கொடுக்கப் பயப்படுவது இயற்கை. பெற்றோரோ, தொழிற்சங்கமோ, ஜமாஅத்தோ கொடுக்கலாம். ரமளான் பிறை தெரிந்ததும் கடைகள் நள்ளிரவு வரை திறந்திருக்கும். பெருநாள் நெருங்க நெருங்க முக்காலிகள் எல்லாம் வாடிக்கையாளருக்குப் போய்விடும். மனு கொடுப்பதாக இருந்தால் ஷஅபானிலேயே கொடுத்துவிடுவது நல்லது.